கம்பெனி கை மாறினா வண்டி என்ன ஆகும்?

போன எபிசோடு கொஞ்சம் லேட்டாச்சு, அதுக்கு ஸாரி. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் ஒரு வாரம் சேர்த்தே இருந்துட்டேன். ஊர்ன்னா கள்ளக்குறிச்சி. எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து பார்த்தா கல்வராயன் மலை நீலமா ஒரு கோடு மாதிரி தெரியும். மைக்கை எடுத்துட்டுப் போகல. அதனால அங்க நடந்ததை இப்ப சென்னை ரூம்ல உக்காந்து சொல்றேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

விஷயம் இதுதான். என் தம்பிக்கு வேலை கிடைச்சு ஆறு மாசம் ஆச்சு. அவனுக்கு டியூக் 250 வேணும். ஆன் ரோடு ரெண்டரை லட்சத்தைத் தாண்டும். பாதி அவன் சேர்த்தது. மீதி அப்பா தர்றதா இருந்தது, கரும்பு வெட்டின பணத்துல. எல்லாம் பேசி முடிச்சாச்சு. காணும் பொங்கல் அன்னைக்கு மதியம் சாப்பிடும்போது அப்பா திடீர்னு கேட்டார், "அந்த கம்பெனி திவாலாயிடுச்சாமேடா? வேற யாரோ வாங்கிட்டாங்களாமே? அந்த வண்டியை எதுக்கு எடுக்கணும்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அப்பா இதைச் சும்மா கேட்கல. தொண்ணூறுகள்ல அவர் ஒரு வண்டி வாங்கினார். கம்பெனி பேரைச் சொல்லல, விடுங்க. வாங்கி மூணு வருஷத்துல அந்தக் கம்பெனி மூடிட்டான். வண்டி அதுக்கப்புறமும் நல்லாத்தான் ஓடுச்சாம். ஒருநாள் மேக்னட் காயில் போச்சு. கள்ளக்குறிச்சில கிடைக்கல, விழுப்புரத்துல கிடைக்கல, சேலத்துல கிடைக்கல. மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு ரெண்டு தடவை பஸ் ஏறிப் போயிருக்கார். கடைசில வண்டி மாட்டுக் கொட்டாய்ல நின்னுச்சு. எனக்கு நினைவு தெரிஞ்சப்போ அதுமேல கோழி அடையும். அப்புறம் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போச்சு. அந்த வண்டிக்கு வாங்கின கடன் தவணை மட்டும் வண்டி நின்ன பிறகும் ஓடிச்சு. அதனால "கம்பெனி போயிடுச்சாமே"ன்னு அவர் கேட்டா அதுக்குப் பின்னாடி ஒரு கோழிக்கூண்டு இருக்கு.

எனக்கும் இதுல ஒரு கதை இருக்கு. நான் வேலை பார்க்கிற கம்பெனியை ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொருத்தர் வாங்கினாங்க. முதல் நாளே எல்லாருக்கும் மெயில் வந்தது, எதுவும் மாறாதுன்னு. ஐடில இருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த மெயில் வந்துச்சுன்னாலே ரெஸ்யூமேவைத் தூசி தட்டணும். அதனால "ஓனர் மாறினா என்ன, பிராண்டு அதேதானே"ன்னு தம்பி சொன்னப்போ நான் முழுசா அவன் பக்கம் நிக்கல. அப்பா பக்கமும் நிக்கல. மறுநாள் காலைல பெரியப்பா வீட்டுக்குப் போனோம், அவரோட புல்லட்டைக் கேட்டு வாங்கிட்டு மலைக்குப் போலாம்னு.

பெரியப்பாவோடது 1987 மாடல் புல்லட். டேங்க்ல "என்ஃபீல்டு"ன்னுதான் இருக்கும், "ராயல்" இருக்காது. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. தம்பி ரெண்டு தடவை பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிச்சான், அதோட சாவியை என்கிட்ட கொடுத்துட்டு அவன் ஃப்ரெண்டோட டியூக்கை எடுத்துக்கிட்டான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய் மலை ஏறினோம். கரியாலூர் வழியா வெள்ளிமலை. டியூக் வளைவுல எல்லாம் வெட்டி வெட்டிப் போகுது. புல்லட் தலைவர் மாதிரி வர்றார். நான் மேல போய்ச் சேர்றப்போ தம்பி ஒரு டீயைக் குடிச்சு முடிச்சிருந்தான்.

வெள்ளிமலைல ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து ரோட்டைப் பார்த்தாலே மோட்டார் சைக்கிள் சந்தை பத்தி நிறைய தெரிஞ்சுக்கலாம். போற வர்ற வண்டி பூரா ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல். எக்ஸ்எல் பின்னாடி மக்காச்சோள மூட்டை, மரவள்ளிக்கிழங்கு மூட்டை. மலையாளி பழங்குடி மக்கள் வாழுற மலை அது. 1976 வரைக்கும் மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்துச்சு, அந்த வருஷம்தான் அரசாங்கம் எடுத்துக்கிட்டுச்சு. ஓனர் மாறினா என்ன மாறும், எவ்வளவு மெதுவா மாறும்னு அந்த மலைகிட்டயே கேட்கலாம், ஆனா அது வேற எபிசோடு. பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் ஒருத்தர், பஞ்சர் கடையும் மெக்கானிக் கடையும் சேர்த்து வெச்சிருக்கிறவர், டியூக்கைச் சுத்திப் பார்த்துட்டு ஒண்ணு கேட்டார்: "தம்பி, இது நின்னு போச்சுன்னா நீங்க எங்கிட்ட வருவீங்களா, கீழ தள்ளிட்டுப் போவீங்களா?"

இந்தக் கேள்விதான் சரியான கேள்வின்னு எனக்குப் பட்டுச்சு. கம்பெனி யாரோடதுன்னு நெட்டுல படிக்கிறோம். ஆனா வண்டி நின்னு போற இடத்துல அந்த ஓனர் எப்படி வந்து சேர்றான்? ஸ்பேர்ஸா வர்றான், மெக்கானிக்குக்குச் சொல்லிக் கொடுத்த பாடமா வர்றான், இல்ல வராமலே போறான்.

சரி, நான் ஓட்டிட்டு வந்த புல்லட்டையே எடுத்துப்போம். இந்த வண்டியோட கம்பெனி கை மாறின கதைய ஒழுங்கா சொன்னா பாதி பதில் அதுலயே இருக்கு.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர்ல பிறந்தது. 1901-லயே மோட்டார் சைக்கிள் செஞ்சாங்க. நம்ம ராணுவத்துக்கு எல்லையில ரோந்து போக வண்டி தேவைப்பட்டப்போ புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தாங்க. அதையொட்டி 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க, நம்ம திருவொற்றியூர்ல. முதல்ல பார்ட்ஸ் கப்பல்ல வரும், இங்க பூட்டுவாங்க. 1960-களின் ஆரம்பத்துலயே முழு வண்டியும் இங்கயே செய்ற அளவுக்கு வந்துட்டாங்க.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ரெட்டிச் ஆலை 1967-ல மூடிட்டாங்க. 1970-ல இங்கிலாந்துல மொத்தமாவே தயாரிப்பு நின்னு போச்சு. அப்பன் வீடே இல்ல. ஆனா திருவொற்றியூர்ல வண்டி வந்துக்கிட்டே இருந்துச்சு! ஏன்னா வரைபடம், அச்சு, எந்திரம், அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்க, வாங்குற ராணுவமும் போலீஸும், எல்லாமே இங்க இருந்துச்சு. 1977-ல இங்க இருந்து இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பேருக்குச் சொந்தக்காரன் செத்தாலும் வண்டி சாகாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே கம்மி.

ஆனா சாகாம இருக்கிறதும் நல்லா வாழுறதும் ஒண்ணில்ல. எண்பதுகள்ல ஜப்பான் கூட்டு வண்டிங்க வந்துச்சு. மைலேஜ், லேசான உடம்பு, ஒரே உதைல ஸ்டார்ட். புல்லட்டை உதைக்கணும்னா முதல்ல டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிக்கணும், ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வர்றதைப் பார்க்கணும், அப்புறம்தான் உதை. தெரியாதவன் உதைச்சா கிக்கர் திருப்பி உதைக்கும். என்ஃபீல்டு சின்ன வண்டிங்க, மோஃபா, சில்வர் ப்ளஸ், எக்ஸ்ப்ளோரர்னு விட்டுப் பார்த்தாங்க. நிக்கல. டீசல் புல்லட் கூட விட்டாங்க, டாரஸ்னு பேரு. எங்க ஊர்ப் பக்கம் வயசானவங்க இன்னும் அதை மரியாதையாப் பேசுவாங்க. வேகம் இல்ல, ஆனா டீசல் மோந்து பார்த்தாலே போதும், ஓடும்.

இந்த நிலைமைல 1990-ல ஐச்சர் உள்ள வர்றாங்க. முதல்ல 26 சதவீதப் பங்கு. 1994-ல முழுசா தங்களோட சேர்த்துக்கிட்டாங்க. கம்பெனிப் பேரும் ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ்னு மாறிச்சு. பெரியப்பா வண்டில இல்லாத அந்த "ராயல்" அப்பதான் திரும்பி வந்துச்சு.

இங்கதான் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. புது ஓனர் வந்தாச்சு, பணம் இருக்கு, பேரு கூட கிடைச்சாச்சு. அடுத்த ஆறு வருஷத்துல என்ன ஆச்சு? பெருசா ஒண்ணும் ஆகல. 2000-ல மாசத்துக்கு 6,000 வண்டி செய்ற வசதி இருக்கிற கம்பெனி சுமார் 2,000 வண்டிதான் வித்துச்சு. நஷ்டம். இழுத்து மூடலாமா, வித்துடலாமான்னு ஐச்சர் போர்டுல பேச்சு ஓடுது. ஓனர் மாறினதும் கம்பெனி நிமிர்ந்துடுச்சுன்னு இப்ப எல்லாரும் ஒரே வரில சொல்லிட்டுப் போறாங்க. அந்த வரிக்குள்ள பத்து வருஷ வெறுமை இருக்கு. அந்தப் பத்து வருஷத்துல வண்டி வாங்கினவங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல.

2000-ல ஐச்சர் விக்ரம் லாலோட பையன் சித்தார்த்த லால், அப்ப அவருக்கு 26 வயசு, எனக்கு ரெண்டு வருஷம் கொடுங்கன்னு கேட்டு பொறுப்பை எடுத்துக்கிறார். ஜெய்ப்பூர்ல புதுசா கட்டின ஆலையை மூடுறார். உற்பத்தியைச் சென்னையோட சுருக்குறார். அவர் புல்லட் ஓட்டுற ஆளுங்கறது முக்கியம். அதைவிட முக்கியம் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு பிரிச்சுப் பார்த்தது.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பழைய இரும்பு எஞ்சின் ஒரு லெகசி கோட். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, எண்ணெய் கசியற இடம் நிறைய. இதை எழுதினவங்க எல்லாம் ரெட்டிச்ல ரிட்டயர் ஆகிட்டாங்க. மொத்தமா தூக்கிப் போட்டு புதுசா எழுதணும்னு கை அரிக்கும். ஆனா வெளியில இருக்கிற யூசருக்கு அந்தச் சத்தம், அந்த டேங்க், அந்த உக்கார்ற நிலை, இதெல்லாம் மாறினா அது புல்லட்டே இல்ல. அதனால படிப்படியா போனாங்க. முதல்ல ஆஸ்திரியாக்காரங்க உதவியோட ஏவிஎல் எஞ்சின். 2002-ல தண்டர்பேர்டு. அப்புறம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டுக்குள்ள கொண்டு வந்த யுசிஇ எஞ்சின், 2008-ல. அடுத்த வருஷம் அதே எஞ்சினோட நம்ம ஊர்ல கிளாசிக்.

வலது கால் கியரை இடது காலுக்கு மாத்தினது இருக்கே, அது பெரிய பிரேக்கிங் சேஞ்ச். பழைய ஆளுங்க கொதிச்சுப் போனாங்க. பெரியப்பா இன்னைக்கும் புது வண்டியை "அது இடது கால் வண்டி"ன்னுதான் சொல்வார், ஏதோ ஜாதி மாதிரி. ஆனா ஸ்ப்ளெண்டர், பல்சர் ஓட்டிப் பழகின பையன் ஷோரூமுக்குள்ள பயமில்லாம வந்தான்னா அதுக்குக் காரணம் அந்த மாற்றம்தான். 2010-ல வருஷத்துக்கு ஐம்பதாயிரம் சொச்சம் வித்த கம்பெனி 2014-ல மூணு லட்சத்தைத் தாண்டிச்சு. 2024-25 நிதியாண்டுல பத்து லட்சத்தைத் தாண்டிச்சு. ஒரகடம், வல்லம் வடகால்னு ஆலைங்க. மறுபடியும் இங்கிலாந்துல ஒரு டிசைன் சென்டர். 1955-ல அங்க இருந்து வரைபடம் இங்க வந்துச்சு. இப்ப இங்க இருந்து சம்பளம் அங்க போகுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் டிராக்டர். இதை டீக்கடைல தம்பிக்குச் சொன்னேன், அவன் நம்பல. ஐச்சர் கம்பெனியே டிராக்டர்ல ஆரம்பிச்சது. 1959-ல ஃபரீதாபாத்துல முதல் டிராக்டர். 2000-க்கு அப்புறம் லால் என்ன பண்றார்னா, வெச்சிருந்த பதினஞ்சு தொழில்ல பதிமூணைத் தள்ளிவிடுறார். செருப்பு, துணி, அதோட டிராக்டரும். லாரியும் மோட்டார் சைக்கிளும் மட்டும் போதும்ங்கறார். அந்த டிராக்டர் தொழிலை 2005-ல வாங்கினது யாரு? நம்ம சென்னை டாஃபே. மாஸி ஃபெர்குசன் செய்றாங்களே, அவங்கதான். அதாவது குடும்பத்தோட முதல் தொழிலை வித்துட்டு, நஷ்டத்துல தத்தளிச்ச புல்லட்டைக் காப்பாத்தினாங்க. புல்லட் வாழ்ந்ததுக்கு இதுதான் அடிப்படைன்னு நான் நினைக்கிறேன். புது ஓனர்கிட்ட எவ்வளவு பணம் இருக்குன்னு பார்க்கிறோம். அதைவிட இந்த வண்டி அவனுக்கு எத்தனாவது பிள்ளைன்னு பார்க்கணும். பதினஞ்சுல ஒண்ணா இருந்த வரைக்கும் புல்லட் வாடிச்சு. ரெண்டுல ஒண்ணா ஆனப்புறம்தான் நிமிர்ந்துச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை அப்பாகிட்ட சொன்னேன். எங்க நிலத்துல உழுற டிராக்டர் ஐச்சர், பக்கத்துக் காட்டுக்காரரோடது. "அப்பா, இது வேற கம்பெனிக்குப் போய் இருபது வருஷம் ஆச்சு, தெரியுமா?"ன்னு கேட்டேன். "அப்படியா? உழுதுக்கிட்டுதானே இருக்கு"ன்னார். அங்க ஒரு பாயிண்ட் எனக்கு.

ரெண்டாவது பாயிண்ட் வாசல்லயே நின்னுச்சு. அப்பாவோட ஸ்ப்ளெண்டர், 2006 மாடல், ஹீரோ ஹோண்டா. 1984-ல ஹீரோவும் ஹோண்டாவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. 2010 டிசம்பர்ல பிரிஞ்சாங்க, ஹோண்டா தன்னோட 26 சதவீதத்தை ஹீரோவுக்கே வித்துட்டு வெளிய போச்சு. எஞ்சின் அறிவு முழுக்க ஹோண்டாவோடது. இனிமே ஹீரோ என்ன பண்ணுவாங்கன்னு அப்ப பேசாத ஆள் இல்ல. ஊர்ல யாருக்காவது தெரிஞ்சுதா? இன்னைக்கும் புது ஸ்ப்ளெண்டரைக் கூட "ஹீரோண்டா"ன்னுதான் சொல்றாங்க. செயின் ஸ்ப்ராக்கெட் டப்பால பேர் மாறிச்சு, பொருள் எல்லாக் கடைலயும் தொங்குது. வித்த வண்டி கோடிக்கணக்குல ரோட்டுல இருந்தா ஸ்பேர்ஸ் தானா பிழைச்சுக்கும். ஓனர் மறந்தாலும் லூதியானால இருக்கிறவன் மறக்க மாட்டான்.

அப்பா சிரிச்சார். ஆனா உடனே கேட்டார், "எஸ்டி என்ன ஆச்சு?"

சரியான இடத்துல அடிச்சார். மைசூர்ல ஐடியல் ஜாவா, அறுபதுகள்ல ஆரம்பிச்சு ஜாவா செஞ்சாங்க, அப்புறம் எஸ்டி. 1996-ல ஆலை மூடிட்டாங்க. 2018 நவம்பர்ல மஹிந்திரா பின்னணில கிளாசிக் லெஜண்ட்ஸ் ஜாவா பேரை மறுபடி கொண்டு வந்தாங்க, 2022-ல எஸ்டி. நடுவுல 22 வருஷம். புது ஜாவாவோட எஞ்சின் வேற, பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியோட ஒரு ஸ்க்ரூ கூட ஒத்துப்போகாது. பிராண்டு திரும்பி வந்துச்சு, ஆனா 1990-ல எஸ்டி வாங்கினவனுக்கு அதால என்ன லாபம்? அவன் வண்டியைக் காப்பாத்தினது பழைய மெக்கானிக்குங்களும் வெறி பிடிச்ச ரசிகர்களும்தான். பேர் உயிரோட இருக்கிறதும் நம்ம வண்டி உயிரோட இருக்கிறதும் வேற வேற. இதுல அப்பா பக்கம்தான் நான்.

இப்ப கேடிஎம்முக்கு வருவோம். ஆஸ்திரியால மட்டிக்ஹோஃபன்னு ஒரு சின்ன ஊர். நம்ம சின்னசேலம் மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஊரே அந்த ஆலைய நம்பி இருக்கும். இந்தக் கம்பெனிக்கு திவால் புதுசில்ல. 1991-லயே ஒரு தடவை விழுந்து, நாலு துண்டா உடைஞ்சு, மோட்டார் சைக்கிள் துண்டை ஸ்டீஃபன் பியரர்ங்கறவர் எடுத்து நிமிர்த்தினார். 2007-ல பஜாஜ் 14.5 சதவீதம் வாங்கி உள்ள வந்தாங்க, அப்புறம் ஏறி ஏறிக் கிட்டத்தட்ட பாதிக்கு வந்தாங்க. 2012-ல நம்ம ஊருக்கு டியூக் 200 வந்துச்சு. என் காலேஜ் முழுக்க ஆரஞ்சு கலரா இருந்த காலம் அதுக்கப்புறம்தான்.

கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரும் வண்டி வாங்கினாங்க, அந்த வேகம் அப்படியே போகும்னு நம்பி கேடிஎம் செஞ்சு குவிச்சுட்டாங்க. எம்வி அகஸ்டா மாதிரி வேற பிராண்டுங்களையும் வாங்கிப் போட்டாங்க. விக்காத வண்டி லட்சக்கணக்குல தேங்கிச்சு. 2024 நவம்பர் கடைசில கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 பிப்ரவரில கடன்காரங்க 30 சதவீதம் கிடைச்சாப் போதும்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பணத்துக்கு வழி பண்ணது பஜாஜ், மொத்தமா 80 கோடி யூரோ. 2025 நவம்பர்ல கட்டுப்பாடு பஜாஜ் கைக்கு வந்துடுச்சு.

தம்பி வாங்கப் போற வண்டிக்கு இது என்ன அர்த்தம்? சின்ன டியூக்குங்க எல்லாம் ஆரம்பத்துல இருந்தே புனே பக்கம் சாக்கன்ல, பஜாஜ் ஆலைல செய்றதுதான். 2023 தொடக்கத்துலயே அங்க இருந்து பத்து லட்சமாவது கேடிஎம் வெளிய வந்துடுச்சு. மட்டிக்ஹோஃபன் ஆலை மாசக்கணக்கா நின்னப்போ கூட சாக்கன்ல வேலை நடந்துச்சு. அதாவது திருவொற்றியூர் கதைதான். பெத்த வீடு தடுமாறும்போது வளர்த்த வீடு நிக்குது. இந்தத் தடவை வளர்த்த வீட்டுக்காரனே பெத்த வீட்டையும் வாங்கிட்டான். அதனால அப்பா பயப்படுற மாதிரி ஸ்பேர்ஸ் இல்லாம கோழி அடையுற நிலைமை டியூக் 250-க்கு வரும்னு நான் நம்பல.

என் பயம் வேற இடத்துல இருக்கு. ஆஸ்திரியால நூத்துக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. அவங்கள்ல யார் யாரெல்லாம் அடுத்த எஞ்சினை வரைய வேண்டியவங்க? செலவைக் குறைக்கறது சுலபம். டெஸ்ட் டிராக்ல இருபது வருஷம் உக்காந்த ஒருத்தனோட காது அவனோட சேர்ந்து வெளிய போயிடும், எந்த டாக்குமெண்ட்லயும் அது இருக்காது. எங்க கம்பெனி கை மாறினப்போ ரெண்டு சீனியர் கிளம்பினாங்க. கோடு பூரா எங்ககிட்டதான் இருந்துச்சு. ஆனா அது ஏன் அப்படி எழுதியிருக்குன்னு கேட்க ஆள் இல்ல. ஆறு மாசம் நாங்க அதைத் தொடவே பயந்தோம். இன்னொண்ணு, பஜாஜுக்கு கேடிஎம் எத்தனாவது பிள்ளை? பல்சர் இருக்கு, சேத்தக் இருக்கு, ஆட்டோ இருக்கு. ட்ரையம்ப் 400-ங்களையும் அவங்கதான் இங்க செய்றாங்க. ஒரே வாடிக்கையாளனுக்கு ரெண்டு பந்தி. எந்தப் பந்தில முதல்ல பாயசம் வரும்னு இப்பவே சொல்ல முடியாது. 2030-ல வர்ற டியூக்ல அந்தக் கோவம் இருக்குமா, இல்ல ஆரஞ்சு பெயிண்ட் அடிச்ச பல்சரா இருக்குமா? பஜாஜ் கெட்டவங்கன்னு சொல்லல. கேடிஎம்மை இந்தியால வீட்டுப் பேர் ஆக்கினதே அவங்கதான்.

நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸும் இதே பரீட்சை எழுதிட்டு இருக்காங்க. 1898-ல ஆரம்பிச்ச நார்ட்டனை, அது திவாலாகி நின்னப்போ, 2020 ஏப்ரல்ல 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கினாங்க. வாங்கி, புது ஆலை போட்டு, அஞ்சு வருஷம் ஆச்சு புது வண்டிங்களை உலகத்துக்குக் காட்ட. ஐச்சர் பத்து வருஷம், டிவிஎஸ் அஞ்சு வருஷம். பிராண்டு வாங்கறது ஒரு கையெழுத்து. மீதி எல்லாம் காத்திருப்பு.

இதையெல்லாம் ராத்திரி திண்ணைல உக்காந்து அப்பாகிட்ட சொன்னேன், இவ்வளவு நீளமா இல்ல. அவர் கேட்டுட்டு, "நாளைக்கு சேலம் போலாம்"னார்.

போனோம். ஷோரூம்ல பையன் ஓடி வந்து வண்டி பக்கம் கூப்பிட்டான். அப்பா வண்டியைப் பார்க்கவே இல்ல. நேரா ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போயிட்டார். பாக்கெட்ல இருந்து ஒரு துண்டுச் சீட்டு. காலைலயே துருகம் ரோடு மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் எழுதி வாங்கியிருக்கார்: கிளட்ச் ப்ளேட், ஃப்ரன்ட் பிரேக் பேட், கிளட்ச் லீவர், ஸ்டேட்டர் காயில். ஒவ்வொண்ணும் இப்ப கையில இருக்கா, இல்லன்னா எத்தனை நாள், எவ்வளவு ரூபாய்னு கேட்டு பக்கத்துல பக்கத்துல எழுதிக்கிட்டார். மூணு கையில இருந்துச்சு. காயில் ஆர்டர் போட்டா வரும்னாங்க. எத்தனை நாள்னு ரெண்டு தடவை கேட்டார். தம்பி வெட்கத்துல வெளிய போய் நின்னுட்டான்.

வர்ற வழில கார்ல யாரும் பேசல. சின்னசேலம் தாண்டினதும் அப்பா சொன்னார், "காயிலை மட்டும் வண்டி எடுக்கும்போதே ஒண்ணு கூட வாங்கி வெச்சுக்க."

முன்பணம் கட்டியாச்சு. ஆரஞ்சா, நீலமான்னு இன்னும் முடிவாகல. அதுல அம்மாவும் இறங்கிட்டாங்க.

உங்க வீட்டுல இந்த மாதிரி மூடிப்போன கம்பெனி வண்டி ஏதாவது கோழிக்கூண்டா நிக்குதான்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பெரியப்பாவையே கூட்டிட்டு வரேன், டீசல் புல்லட் பத்திப் பேச. அவர் மைக்கைப் பார்த்தா பேசுவாரான்னுதான் தெரியல.